ஒண்ணு வடக்க, ஒண்ணு தெக்க: கோல்ஃப் பந்து ஏன் வளைகிறது?

அவிநாசி ரோட்டில் நிட்டிங் யூனிட் வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் நாலு வருஷமா கோல்ஃப் ஆடுகிறார். ஸ்டென்ட் வெச்ச பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மனுசன் ரோட்டுல நடக்க மாட்டார், பார்க்குல சுத்த மாட்டார். ஆனா ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள பல்லடம் வழியா செட்டிபாளையம் போய், கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பில் நாலு மணி நேரம் பந்துக்குப் பின்னாடி நடப்பார். வாரத்தில் அவர் போனை அணைச்சு வைக்கிற நாலு மணி நேரம் அதுதான். இப்போது செட்டை வித்துப்போடலாம்னு இருக்கிறார்.

"ஏந் தம்பி, நான் ஒரே மாதிரிதான அடிக்கறேன்? ஒண்ணு வடக்க போகுது, ஒண்ணு தெக்க போகுது. முக்காவாசி வலது பக்கம் வளைஞ்சு காட்டுக்குள்ள போகுது. இடது பக்கம் பாத்து அடிங்கன்னாங்க. அடிச்சேன். இன்னும் மோசமா வளையுது. இதுக்கு ஏதாச்சும் கணக்கு இருக்குதா?"

கணக்கு இருக்கிறது. நான் துணி டெஸ்டிங் லேபில் வேலை பார்க்கிறவன், கோல்ஃப் ஆட்டக்காரன் கிடையாது. ஆனால் இது பௌதிகம், நல்ல பழைய பௌதிகம். ஒரு மாசம் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை அவருக்காகவும், அதே தலைவலி இருக்கிற மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன். கீழே வலது, இடது என்று சொல்வதெல்லாம் வலது கைக்காரர் கணக்கு. இடது கைக்காரர்கள் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ரெண்டு கேள்வியைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பது ஒன்று. கிளம்பின பிறகு எந்தப் பக்கம் வளைகிறது என்பது இன்னொன்று. இடதில் கிளம்பி வலதில் வளையலாம், வலதில் கிளம்பி இன்னும் வலதுக்கே போகலாம். ஆடுகிறவர்கள் இதற்கெல்லாம் பேர் வெச்சிருக்கிறார்கள்: வலது பக்கம் பெரிசா வளைந்தால் ஸ்லைஸ், லேசா வளைந்தால் ஃபேடு, இடது பக்கம் பெரிசா வளைந்தால் ஹூக், லேசா வளைந்தால் டிரா. பந்து எங்கே விழுந்தது என்று மட்டும் பார்க்கிறவருக்கு இந்த ரெண்டும் கலங்கிப் போய்விடும். அண்ணன் செய்வதும் அதுதான். "வலது பக்கம் போச்சு" என்பார். கிளம்பினது எங்கே என்று கேட்டால், "அதை யாரு பாத்தா?"

வளைவதற்குக் காரணம் சுழற்சி. இது கோல்ஃபுக்கு ரொம்ப முன்னாடியே கவனிக்கப்பட்ட விஷயம். 1672ல் ஒளியைப் பத்தி எழுதின கடிதத்தில் நியூட்டன், மட்டையைச் சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பதாக எழுதுகிறார். அதைவிட எனக்குப் பிடித்தது பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1740களில் செய்த சோதனை. துப்பாக்கிக் குண்டுகள் நேராகப் போகாமல் விலகுவது குண்டு உருளுவதால்தான் என்பது அவர் சந்தேகம். அதை நிரூபிக்க ஒரு துப்பாக்கிக் குழாயின் முனையை வேண்டுமென்றே இடது பக்கம் வளைத்தார். குண்டு குழாயின் வலது சுவரை உரசிக்கொண்டு வெளியே வரும், அந்த உரசலில் சுழலும். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்த்தார். பக்கத்துத் திரைகளில் ஓட்டை இடது பக்கம். தூரத்தில் போய்ப் பார்த்தால் குண்டு கோட்டைத் தாண்டி வலது பக்கம் வந்துவிட்டது. இடதில் கிளம்பி வலதில் முடிகிற அண்ணனுடைய ஸ்லைஸ் அப்படியே இதுதான். இருநூத்தெழுபது வருஷத்துக்கு மேல பழசு.

1852ல் ஜெர்மனியில் மாக்னஸ் என்பவர் இதை முறையாக ஆராய்ந்தார், விளைவுக்கு அவர் பேரே நிலைத்துவிட்டது. 1890களில் எடின்பரோவில் பீட்டர் கத்ரி டெய்ட் என்ற பௌதிகப் பேராசிரியர் கோல்ஃப் பந்தையே எடுத்துக்கொண்டார். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் ஜெயித்தவர், வீட்டுக்குள்ளேயே சோதனைச்சாலை என்று சொல்லலாம். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன் 1910ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கோல்ஃப் பந்தைப் பத்தி ஒரு முழு உரையே நிகழ்த்தினார். இத்தனை பெரிய தலைகள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் என்று அண்ணனிடம் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

விஷயம் இதுதான். கிளப்பின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே முன்னால் பறக்கும். பந்தின் மேல்பக்கம் எதிர்க்காற்று போகிற திசையிலேயே நகர்கிறது, கீழ்ப்பக்கம் காற்றுக்கு எதிராக நகர்கிறது. பந்தை ஒட்டின காற்றுப் படலம் மேல்பக்கத்தில் கொஞ்சம் அதிக தூரம் ஒட்டிக்கொண்டே போய், பின்னாடி கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளும். கோல்ஃப் பந்து ஏதோ இறக்கை முளைத்த மாதிரி மிதந்து போவது இதனால்தான். டிரைவர் என்கிற நீளமான கிளப்பில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி நிமிஷத்துக்குச் சுமார் 2,700 சுற்று. ஏழாம் நம்பர் இரும்பில் 7,000க்கு மேல். (நம்ம ஸ்பின்னிங் மில்லில் ஸ்பிண்டில் 15,000க்கு மேல சுத்தும். அதுக்கு முன்னாடி இதெல்லாம் சும்மா. ஆனா ஸ்பிண்டில் பறக்கிறதில்லையே.)

இப்போது ஒரு சாத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்காக ஒரு கோணி ஊசியைக் குத்துங்கள். ஊசிதான் அச்சு. ஊசி தரைக்கு மட்டமாக இருக்கும்போது பழத்தைப் பின்னோக்கிச் சுத்தினால் தூக்குவிசை நேர் மேலே. ஊசியின் வலது முனையை லேசா கீழே சாயுங்கள். தூக்குவிசையும் அதோடு சேர்ந்து சாயும், இப்போது மேலேயும் கொஞ்சம் வலது பக்கமும் இழுக்கும். பந்து வலது பக்கம் வளையும். இடது முனை சாய்ந்தால் இடது பக்கம். விமானம் திரும்பும்போது ஒரு இறக்கையைச் சாய்க்கிறதே, அதே வேலை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "சைடு ஸ்பின் விழுந்துருச்சு" என்று எல்லோரும் பேசுகிறார்கள், ஏதோ பின்சுழற்சி தனி, பக்கச்சுழற்சி தனி என்கிற மாதிரி. பந்துக்கு ஒரு நேரத்தில் ஒரே அச்சு, ஒரே சுழற்சிதான். அந்த அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பத்து டிகிரி சாய்வே பந்தை நல்லா இழுத்துப்போகப் போதும்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேகப்பந்து ஸ்விங் ஆவது இந்தக் கணக்கில் வராது. அது தையல் சாய்ந்திருப்பதாலும் ஒரு பக்கம் பளபளப்பாக இருப்பதாலும் நடப்பது. ஆனால் அஸ்வின் மாதிரி ஆஃப் ஸ்பின்னர் வீசும் பந்து பிட்ச் ஆவதற்கு முன்னாடியே காற்றில் வலது கை பேட்ஸ்மேனை விட்டு விலகிப் போகிறதே, டிரிஃப்ட் என்பார்கள், அது மாக்னஸ் விளைவு. கோல்ஃப் பந்துக்கு நெருங்கின சொந்தக்காரன் சுழல் பந்துதான்.

சரி, அச்சு எதனால் சாய்கிறது? இங்கேதான் அண்ணனுக்குச் சொன்ன அறிவுரை தப்பாகப் போன இடம் வருகிறது.

அடிபடும் நொடியில் கிளப்புக்கு ரெண்டு திசை இருக்கிறது. கிளப் தலை எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது பாதை. கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது முகம். இந்த ரெண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பஸ் வடக்கே போகிறது, ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கிழக்கே பார்க்கிறார், அந்த மாதிரி. பாதையும் முகமும் ஒரே திசை என்றால் அச்சு மட்டமாக இருக்கும், பந்து நேராகப் போகும். பாதையைவிட முகம் வலது பக்கம் திறந்திருந்தால் முகம் பந்தைக் குறுக்காக உரசிக்கொண்டு போகும், அச்சு வலது பக்கம் சாயும், ஸ்லைஸ். பாதையைவிட முகம் இடது பக்கம் மூடியிருந்தால் ஹூக். இந்த உரசலுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் ரெண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு நீங்கள் கையை எப்படி முடித்தீர்கள், உடம்பை எப்படித் திருப்பி வளைவைத் தடுக்கப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் பந்துக்குத் தெரியாது.

கிளம்பும் திசையைப் பத்தி ரொம்ப காலம் ஒரு தப்பான பாடம் ஓடிக்கொண்டிருந்தது. பந்து பாதையின் திசையில் கிளம்பும், பிறகு முகம் பார்க்கிற திசைக்கு வளையும் என்பது பாடம். பல தலைமுறை இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1968லேயே அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் ரெண்டு பேரும் எழுதின பிரிட்டிஷ் ஆய்வுப் புத்தகம் விஷயத்தைச் சரியாகச் சொல்லியிருந்தது. 1994ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தியடோர் ஜோர்கென்சன் கோல்ஃபின் பௌதிகம் பற்றின தன் புத்தகத்தில் இதை ஒரு சாய்ந்த தளமாக வரைந்தே காட்டினார். ஆனாலும் 2003ல் டென்மார்க்கில் தொடங்கின ட்ராக்மேன் கம்பெனியின் ரேடார் கருவி பயிற்சித் திடல்களுக்கு வந்து, ஒவ்வொரு அடிக்கும் பாதை எத்தனை டிகிரி, முகம் எத்தனை டிகிரி என்று எண்ணாகக் காட்டின பிறகுதான் பழைய பாடம் ஆட்டம் கண்டது. பந்து கிளம்பும் திசையில் பெரும்பங்கு முகத்துடையது: டிரைவரில் சுமார் 85 சதவீதம், இரும்புக் கிளப்பில் சுமார் 75 சதவீதம். மீதிதான் பாதை.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். டிரைவர். இலக்குக்கு ஆறு டிகிரி இடது பக்கமாகப் பாதை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வெட்டி இழுக்கிறார். முகம் ரெண்டு டிகிரி இடது. பந்து கிளம்புவது முகத்தை ஒட்டி, சுமார் இரண்டரை டிகிரி இடதில். ஆனால் பாதையைவிட முகம் நாலு டிகிரி திறந்திருக்கிறது, அதனால் வலது பக்கம் வளைவு. இடதில் கிளம்பி வலதில் போய் விழும். கவனியுங்கள், முகம் இலக்குக்கு இடது பக்கம்தான் பார்த்தது, அப்படியும் ஸ்லைஸ். இதையே திருப்புங்கள். பாதை நாலு டிகிரி வலது, முகம் ரெண்டு டிகிரி வலது. பந்து வலதில் கிளம்பி இலக்குக்கு அழகாகத் திரும்பி வரும், டிரா.

இப்போது "இடது பக்கம் பாத்து அடிங்க" என்ற வைத்தியம். அண்ணன் காலையும் தோளையும் இடது பக்கம் திருப்பி நிற்கிறார். கை போகும் பாதையும் சேர்ந்து இடது பக்கம் திரும்பிவிடுகிறது. ஆனால் மனசு கொடியைத்தானே பார்க்கிறது? கடைசி நொடியில் முகம் கொடியைப் பார்த்தே வருகிறது. முன்னாடி பாதை நாலு டிகிரி இடது, முகம் நேர், வித்தியாசம் நாலு. இப்போது பாதை பத்து டிகிரி இடது, முகம் ஒரு டிகிரி இடது, வித்தியாசம் ஒன்பது. ஸ்லைஸ் ரெண்டு மடங்குக்கு மேல். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் இடதில் திரும்பி நிற்கிறார். கடன் அடைக்கக் கடன் வாங்குகிற கதை.

இந்த இடத்தில் அவருக்குச் சட்டென்று புரிந்தது, துணியை வெச்சுச் சொன்னபோதுதான். சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் தண்ணியில் போட்டு எடுத்தால் சைடு சீம் முறுக்கிக்கொண்டு வயித்துப் பக்கம் வந்துவிடுகிறதே, ஸ்பைராலிட்டி, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நூலில் இருக்கிற முறுக்கு துணியை ஒரு பக்கம் இழுக்கும். நிறைய ஃபீடர் வெச்ச வட்ட மெஷின் சுத்துகிற திசையும் துணியை ஒரு பக்கம் இழுக்கும். ரெண்டும் ஒரே பக்கம் என்றால் கூட்டிக்கொள்ளும். எதிரெதிர் என்றால் ஓரளவு கழித்துக்கொள்ளும். அதனால் துணி எந்தப் பக்கம் போகும் என்று நூலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, மெஷினை மட்டும் பார்த்தும் சொல்ல முடியாது. சீம் எந்தப் பக்கம் வந்தது என்று மட்டும் பார்த்து கட்டிங்கில் எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டினால் அடுத்த லாட்டில் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். "பையர் அஞ்சு பர்சென்டுக்கு மேல போனா லாட்டையே தள்ளிருவான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் கட்டிங்கை மாத்திட்டே இருந்திருக்கேன், நூலைப் பாக்கவே இல்ல."

அவர் கேட்ட அடுத்த கேள்வி நல்ல கேள்வி. "சின்ன கிளப்புல அடிச்சா நேராப் போகுது. டிரைவர்ல மட்டும் எதுக்கு இப்படி?" பாதை முக வித்தியாசம் ரெண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சின்ன கிளப்பின் முகம் ரொம்ப சாய்ந்திருப்பதால் பின்சுழற்சி அதிகம். அச்சு எவ்வளவு சாயும் என்பதை, அந்த வித்தியாசத்தை முகத்தின் மேல்சாய்வுக்கும் அடி வரும் கோணத்துக்கும் உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். டிரைவரில் அந்த இடைவெளி பதிமூணு டிகிரி என்று வெச்சுக்கொண்டால், மூணு டிகிரி வித்தியாசத்துக்கு அச்சு சுமார் 13 டிகிரி சாயும். ஒன்பதாம் நம்பர் இரும்பில் இடைவெளி முப்பத்தஞ்சு என்றால் அதே மூணு டிகிரிக்கு அச்சு சுமார் 5 டிகிரிதான் சாயும். அதோடு டிரைவர் பந்து ரெண்டு மடங்கு தூரம் போகிறது, வளைய நேரமும் அதிகம். தப்பு ஒன்றுதான், டிரைவர் அதை மைக் போட்டுச் சொல்கிறது.

ஆனால் "ஒண்ணு வடக்க, ஒண்ணு தெக்க" என்பதற்கு இது மட்டும் போதாது. பாதையும் முகமும் தினம் ஒரே மாதிரி இருந்தால் வளைவும் ஒரே பக்கம்தானே இருக்க வேண்டும்? இங்கே ரெண்டாவது காரணம் வருகிறது, பல்சக்கர விளைவு. டிரைவர் தலை உள்ளே வெற்றிடமான பெரிய குமிழ், அதன் எடை மையம் முகத்துக்கு நல்லா பின்னாடி இருக்கிறது. பந்து முகத்தின் நடுவில் படாமல் வெளிமுனைப் பக்கம் பட்டால், தலை எடை மையத்தைச் சுற்றி லேசாகத் திரும்பிவிடும். முகமும் பந்தும் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த நொடியில் ரெண்டு பல்சக்கரம் கோத்துக்கொண்ட மாதிரி, தலை ஒரு பக்கம் திரும்ப, பந்து எதிர்ப்பக்கம் திரும்பும். நிட்டிங் மெஷின் கியர் பாக்ஸைத் திறந்து பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். முடிவு: வெளிமுனையில் பட்டால் இடது பக்கம் வளைவு, தண்டு பக்கம் பட்டால் வலது பக்கம் வளைவு. பாதையும் முகமும் சொல்கிற வளைவை இது குறைக்கலாம், கூட்டலாம், சில நேரம் தலைகீழாக மாற்றியும் விடலாம். டிரைவர் முகத்தைத் தட்டையாகச் செய்யாமல் லேசாகப் புடைத்த மாதிரி செய்வது இதைச் சமாளிக்கத்தான். வெளிமுனையில் பட்ட பந்து கொஞ்சம் வலதில் கிளம்பி, பிறகு இடதுக்குத் திரும்பி வரட்டும் என்று. இரும்புக் கிளப்பில் எடை மையம் முகத்தை ஒட்டியே இருப்பதால் இந்த விளைவு ரொம்பக் குறைவு.

அதனால் ரேடார் கருவி வாடகைக்குக் காசு செலவழிக்கும் முன்னாடி ஒரு சின்ன வேலை செய்யச் சொன்னேன். கட்டிங் டேபிளில் கோடு போடுகிற சாக்கை எடுத்து டிரைவர் முகம் முழுக்கப் பூசிவிட்டு அடிக்க வேண்டும். பந்து பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் மூணு விஷயத்தை ஒரு நோட்டில் குறிக்க வேண்டும்: தடம் எங்கே, பந்து கிளம்பினது எந்தப் பக்கம், வளைந்தது எந்தப் பக்கம். லேபில் சாம்பிளுக்கு நம்பர் போடுகிற மாதிரி முப்பது அடி. கேடி பையன் ஒருத்தன் பின்னாடி நின்று கிளம்பும் திசையைச் சொன்னான். ஆடுகிறவர் கண்ணைவிடப் பின்னாடி நிற்கிறவர் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

நோட்டைப் பார்த்தபோது கதை தெளிவாக இருந்தது. இருபத்திரண்டு அடி இடதில் கிளம்பி வலதில் வளைந்தது; அதில் பாதிக்கு மேல் தடம் தண்டு பக்கம், அதாவது ரெண்டு காரணமும் ஒரே பக்கம் கூட்டிக்கொண்டது. அஞ்சு அடியில் தடம் வெளிமுனையில், அவைதான் "தெக்க" போன பந்துகள். மீதி மூணு நேர். ஆக, அவர் ஒரே மாதிரிதான் அடித்திருக்கிறார். பந்து பட்ட இடம்தான் மாறியிருக்கிறது. ரெண்டு கோளாறு என்று அவர் நினைத்தது ஒரு கோளாறும் அதன் மேல் ஒரு தற்செயலும்.

அதற்கப்புறம் அவர் மாற்றினது மூணு. இடது பக்கம் திரும்பி நிற்பதை விட்டுவிட்டார். தரையில் ரெண்டு குச்சி போட்டுக் காலும் தோளும் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். பாதை தானாக வலது பக்கம் நகர, பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு அடி பின்னாடி ஒரு காலி அட்டைப் பெட்டியை வைக்கிறார்; வெளியிலிருந்து வெட்டி இழுத்தால் கிளப் பெட்டியில் இடிக்கும். இன்னும் வளைகிறது, ஆனால் காட்டுக்குள் போகிற அளவுக்கு இல்லை. செட்டை விற்கிற பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. நடைக்கு டாக்டரும் ஒண்ணும் சொல்லவில்லை.

பந்து மேல் இருக்கிற குழிகளைப் பத்தியும் ஒரு வார்த்தை. பந்து வழவழன்னு இருந்தால் நேராகப் போகும் என்று ஒருத்தர் என்னிடம் வாதாடினார். நேர் எதிர். அந்தக் காலத்து குட்டா பெர்ச்சா பந்துகள் அடிபட்டுச் சிராய்த்த பிறகு புதுசைவிட நல்லா பறந்ததைப் பார்த்துத்தான் வேண்டுமென்றே மேடுபள்ளம் போட ஆரம்பித்தார்கள். 1905ல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் குழி போட்ட பந்துக்குக் காப்புரிமை வாங்கினார். குழிகள் காற்றுப் படலத்தைப் பந்தோடு அதிக நேரம் ஒட்ட வைக்கின்றன. இழுவை குறைகிறது, தூக்குவிசை ஒழுங்காகக் கிடைக்கிறது. வழவழப்பான பந்து சில வேகங்களில் எதிர்ப்பக்கமே வளையும். 1970களில் பொலாரா என்று ஒரு பந்து வந்தது, நடுப்பட்டையில் ஒரு மாதிரிக் குழி, ரெண்டு துருவத்திலும் வேற மாதிரி. கோட்டைச் சரியாக வெச்சு அடித்தால் வளைவு நல்லா குறையும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் பந்து எல்லாப் பக்கமும் சமச்சீராகப் பறக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்து போட்டிகளில் அதைத் தடுத்துவிட்டது. அண்ணன் "அது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். சொல்லவில்லை.

கடைசியாக நம்ம ஊர்க் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து அடிக்கிற காற்றுதான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகளையும் சுத்த வைக்கிறது. செட்டிபாளையமும் அந்தக் காற்றுப் பாதையில்தான் இருக்கிறது. மாக்னஸ் விசை, பந்து தரையைக் கடக்கும் வேகத்தைப் பார்ப்பதில்லை, காற்றைக் கடக்கும் வேகத்தைத்தான் பார்க்கிறது. அதனால் மேற்கு நோக்கி அடிக்கும் குழிகளில் அதே ஸ்லைஸ் பெரிசாகத் தெரியும், பந்து எம்பி நின்று வளையும். கிழக்கு நோக்கி அடிக்கும்போது அதே தப்பு பாதி மறைந்துவிடும். ஆடியில் மேற்குப் பார்த்த குழியில் மட்டும் ஆட்டம் கெட்டுப்போச்சு என்று யாராவது சொன்னால் ஸ்விங்கை மாற்றச் சொல்லாதீர்கள். அங்கே பலமா அடிப்பதும் உதவாது, பலமா அடித்தால் சுழற்சியும் கூடும். ஒரு நம்பர் பெரிய கிளப்பை எடுத்து மெதுவா அடிப்பதுதான் அனுபவசாலிகள் வழி.

உயரம் இதற்கு எதிர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி சென்னை வெயிலில் இருக்கிற அடர்த்தியில் சுமார் 80 சதவீதம்தான். காற்று குறைந்தால் இழுவையும் குறைவு, தூக்குவிசையும் குறைவு, பக்கவாட்டு இழுப்பும் குறைவு. ஜிம்கானா கிளப் மைதானத்தில் அண்ணன் போன மே மாசம் ஆடிவிட்டு, "குளிருக்கு உடம்பு நல்லா வளையுது தம்பி, பந்துதான் வளைய மாட்டேங்குது" என்று போன் பண்ணினார். உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே ஆட்டக்காரர் அதே ஸ்லைஸை கிண்டியில் அடித்தால், ஊட்டியில் தெரியாத வளைவெல்லாம் அங்கே தெரியும்.